தனியாக வாழும் முதியவர்களுக்கு ஒரு அரிமா சங்கம் என்ன செய்யலாம்: கூட்டத் தீர்மானம் முதல் மே மாத ஒப்படைப்பு வரை

கேள்வியின் சாரம் இது: தாலுகா தலைநகர் அளவிலான ஊர், 40 பேர் கொண்ட அரிமா சங்கம் (லயன்ஸ் கிளப்). ஆண்டுதோறும் அக்டோபர் 1, உலக முதியோர் தினத்தன்று போர்வை கொடுத்து, சால்வை போட்டு, படம் எடுப்பதோடு முதியோர் பணி முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வரும் மாதக் கூட்டத்தில் ஒரு தொடர் பணியை முன்வைக்க வேண்டும். எதைச் செய்வது, எவ்வளவு செலவாகும், எங்கே சறுக்கும்?

சறுக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். அரிமா ஆனாலும் ரோட்டரி ஆனாலும் சங்க ஆண்டு ஜூலை 1-ல் பிறந்து ஜூன் 30-ல் முடிகிறது. தலைவர் மாறுவார், அவரோடு அந்த ஆண்டின் கனவுத் திட்டமும் மாறும். மரக்கன்றுக்கும் பள்ளிக் கழிப்பறைக்கும் இது பெரிய பாதகமில்லை. ஆனால் 78 வயதில் தனியாக இருக்கும் ஒருவரை ஆறு மாதம் வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு ஜூலையில் நிறுத்துவது, போகாமலே இருந்ததைவிட மோசம். அதனால் என்ன கொடுப்பது என்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, பதவி மாறினாலும் நிற்காமல் நடக்கும் அளவுக்கு எதைச் சிறியதாக வைத்துக்கொள்வது என்பதைத்தான்.

தேவை எவ்வளவு என்று கூட்டத்தில் யாராவது கேட்டால் சொல்ல ஒரு கணக்கு: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2021-க்கான மதிப்பீடு 13.6. நாட்டிலேயே கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

கூட்டத்தில் எப்படி முன்வைப்பது

பொதுக் கூட்டத்தில் நேரடியாக எழுந்து பேசாதீர்கள். அங்கே எல்லோரும் கை தட்டுவார்கள், யாரும் பெயர் கொடுக்க மாட்டார்கள். முதலில் போர்டு மீட்டிங்கில் வையுங்கள். அதற்கும் முன்பு செயலரையும் பொருளாளரையும் தனியாகப் பார்த்துப் பேசிவிடுங்கள். அடுத்த ஆண்டு தலைவராக வரப்போகும் முதல் துணைத் தலைவரை அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டத்தின் ஆயுள் அவர் கையில்தான் இருக்கிறது.

நாற்பது பேரில் உண்மையாக வேலை செய்ய வருபவர்கள் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். எல்லோரும் வருவார்கள் என்று போட்ட அட்டவணை மூன்றாவது வாரத்திலேயே கிழிந்துவிடும். பன்னிரண்டு பேர் என்றால் ஆறு இணைகள். ஓர் இணைக்கு நான்கு முதியவர்கள், ஆக மொத்தம் 24 பேர். ஓர் இணை வாரத்துக்கு இரண்டு வீடு போனால் ஒவ்வொருவரையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்துவிடலாம். கடை வைத்திருப்பவரும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். அதற்கு மேல் முடியாது.

தீர்மானத்தை வாய்மொழியாக விடாமல் மினிட் புத்தகத்தில் ஏற்றுங்கள். அதில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும்: குழுவின் காலம் மூன்று ஆண்டு; ஆண்டுக்கு ஒதுக்கும் தொகை; செலவு செய்ய இருவர் கையெழுத்து, ஒருவர் ஒரே தடவையில் 2,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது; பட்டியலில் புதியவரைச் சேர்க்கவும் நீக்கவும் குழுவுக்கு அதிகாரம்; ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் ஒப்படைப்புக் கூட்டம். 'முதியோர் நலனுக்கு ஆவன செய்வது என்று முடிவு செய்யப்பட்டது' என்று எழுதிவைத்தால் அது தீர்மானமில்லை, வாழ்த்துரை.

அரிமா சங்கங்களில் நிர்வாகக் கணக்கும் சேவைக் கணக்கும் தனித்தனி. பொதுமக்களிடம் திரட்டிய பணத்தை நிர்வாகச் செலவுக்கும் விருந்துக்கும் தொடக் கூடாது என்பது விதி. இந்தத் திட்டத்தின் வரவு செலவு முழுவதும் சேவைக் கணக்கிலேயே போகட்டும். பெரிய நன்கொடை தருபவர்கள் வருமானவரிச் சலுகை கேட்பார்கள். சங்கத்தின் அறக்கட்டளைக்கு அதற்கான வருமானவரிப் பதிவு (80ஜி எனப்படுவது) இருந்தால்தான் அது கிடைக்கும். ரொக்கமாகத் தந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை கிடையாது. காசோலையோ யு.பி.ஐ.யோ கேளுங்கள்.

யார் அந்த 24 பேர்

பிளெக்ஸ் வைத்து விண்ணப்பம் கேட்டால் தேவை இருப்பவர்கள் வர மாட்டார்கள். மகன் அமெரிக்காவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தனக்கு ஆள் இல்லை என்று எழுதிக் கொடுப்பாரா? அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் வேறு ஆட்கள்: பால் ஊற்றுகிறவர், தபால்காரர், மருந்துக்கடைக்காரர், ரேஷன் கடை ஊழியர், கிராம சுகாதாரச் செவிலியர், குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர். ஒரு வார்டுக்கு இவர்களில் மூன்று பேரைக் கேட்டாலே பெயர்கள் கிடைத்துவிடும். இரண்டு பேர் வாயில் ஒரே பெயர் வந்தால் முதலில் அங்கே போங்கள்.

வறுமையை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். நான்கு கேள்வி போதும்: இரவில் வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா? கடந்த ஓராண்டில் விழுந்திருக்கிறாரா? கடைக்கும் வங்கிக்கும் தானாகப் போய்வர முடிகிறதா? அவசரத்தில் அரை மணி நேரத்துக்குள் வரக்கூடிய உறவினர் உண்டா? பணம் இருந்தும் நான்கிலும் தவறிவிடுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு பக்கத் தாள் போதும்: பெயர், வயது, இரத்த வகை, நோய்கள், மருத்துவர், பிள்ளைகளின் எண், பக்கத்து வீட்டாரின் எண், ஒவ்வாமை. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்தத் தாளில் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. தனியாக இருப்பவரின் படத்தை வீட்டு வாசலோடு எடுத்து 'யாருமற்ற அம்மாவுக்கு நமது சங்கம் உதவி' என்று வாட்ஸ்அப்பில் போடுவது, உள்ளே ஆள் இல்லை என்று திருடனுக்குத் தகவல் சொல்வது. அரிமா அமைப்பின் மாவட்ட ஆளுநருக்கு அறிக்கை அனுப்பப் படம் வேண்டுமென்றால் உபகரணங்களையும் தொண்டர்களையும் எடுங்கள்.

காவல் நிலையத்துக்குத் தெரியப்படுத்துவது பலருக்குத் தோன்றாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ஐ ஒட்டி வந்த மாதிரி விதிகளில், தனியாக வாழும் மூத்த குடிமக்களின் பட்டியலை ஒவ்வொரு காவல் நிலையமும் வைத்திருக்க வேண்டும், மாதம் ஒரு முறையாவது அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும், முடிந்தவரை ஒரு சமூக சேவகரையோ தன்னார்வலரையோ உடன் அழைத்துப் போக வேண்டும் என்று இருக்கிறது. அந்தத் தன்னார்வலர் உங்கள் சங்கத்து ஆளாக இருக்கலாம். சட்டத்தைக் காட்டி அதிகாரம் பேசாமல், 'பட்டியலை நாங்கள் தயார் செய்து தருகிறோம்' என்று ஆய்வாளரிடம் கேளுங்கள். பட்டியலில் பெயர் சேர முதியவரின் சம்மதம் முக்கியம்.

காலை ஒன்பது மணி மிஸ்டு கால்

முதல் மூன்று மாதம் இதை மட்டும் செய்தாலே போதும். அதிகச் செலவில்லாதது, உயிரைக் காப்பது. குளியலறையில் விழுந்தவர் இரண்டு நாள் கிடப்பதுதான் தனிமையின் மிகக் கொடிய விபத்து. இடுப்பெலும்பு முறிந்து தண்ணீரில்லாமல் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீரகத்தையும் தோலையும் கெடுக்கும்.

சங்கத்துக்கென்று ஒரு சிம், ஒரு சாதாரண பட்டன் போன். வாரம் ஒருவர் பொறுப்பு. முதியவர்கள் காலை 7 முதல் 9 மணிக்குள் அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். பொறுப்பாளர் நோட்டில் 'டிக்' போடுவார். 9 மணிக்கு டிக் இல்லாதவருக்கு அழைப்பு. எடுக்கவில்லையா, 9.15-க்கு மறுபடி. 9.30-க்குப் பக்கத்து வீட்டார். அவரும் கிடைக்கவில்லை என்றால் அருகில் இருக்கும் உறுப்பினர் நேரில் போக வேண்டும். உள்ளே தாழிட்டிருந்து சத்தமில்லை என்றால் காவல்துறைக்குச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கவும், கையோடு 108-ஐ அழைக்கவும். மாற்றுச் சாவியைச் சங்கம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. முதியவர் நம்பும் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். அது எந்த வீடு என்பது மட்டும் உங்கள் தாளில் இருக்கட்டும்.

இது எப்படிப் பழுதாகும்? முதலாவது, ரீசார்ஜ் முடிந்துபோவது. மகன் போட்டுவிடுவான் என்று இருப்பார்கள், மகன் மறந்திருப்பான், அழைப்பு வெளியே போகாது. ஒவ்வொருவரின் ரீசார்ஜ் முடியும் தேதியும் நோட்டில் இருக்க வேண்டும். இரண்டாவது, வீண் அலாரம். சொல்லாமல் மகள் வீட்டுக்குப் போய்விடுவார், நான்கு பேர் ஓடுவார்கள். இப்படி மூன்று முறை நடந்தால் நான்காவது முறை யாரும் ஓட மாட்டார்கள், அன்றைக்குத்தான் அவர் விழுந்திருப்பார். 'ஊருக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போனதுக்கப்புறம் சொன்னாலும் சரி' என்று ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவது, பொறுப்பாளர் கல்யாணத்துக்குப் போய்விடுவது. போனைக் கைமாற்றும் நாள் ஞாயிறு மாலை என்று நிரந்தரமாக வைத்துவிட்டால் இது பெருமளவு குறையும்.

வீட்டுக்குப் போகும்போது

எப்போதும் இருவர், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. கூப்பிடுவதிலேயே பாதி வேலை முடியும். ஓய்வுபெற்ற அதிகாரியைத் 'தாத்தா' என்றால் அடுத்த முறை கதவு மெதுவாகத்தான் திறக்கும். அவருக்கு 'சார்' அல்லது 'ஐயா'. அம்மா, ஆச்சி, பாட்டி என்பது அந்தந்த ஊர் வழக்கம், அவர்கள் விருப்பம்.

'சாப்பிட்டீங்களாம்மா?' என்று கேட்டால் 'ஆச்சுப்பா' என்ற பதில்தான் வரும், பட்டினி கிடந்தாலும். 'காலையில என்ன பண்ணீங்க?' என்று கேளுங்கள். தோசை மாவு முந்தாநாள் தீர்ந்தது வெளியே வரும். 'மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?' என்பதும் அப்படித்தான். அட்டையை வாங்கிப் பாருங்கள். முதல் தேதி வாங்கிய முப்பது மாத்திரையில் இருபதாம் தேதி இருபத்தைந்து மிச்சமிருந்தால் கணக்குத் தெரிந்துவிடும். இரண்டு இடத்தில் வைத்தியம் பார்ப்பவர்களிடம் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு. அரசு மருத்துவமனையில் ஒரு பெயரிலும் தனியாரிடம் வேறு பெயரிலும் ஒரே இரத்த அழுத்த மருந்தை வாங்கி இரண்டையும் போடுவார்கள். நீங்கள் எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும், பழையது உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. அதன் பட்டியலில் இவர் பெயர் இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடலாம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும், வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு.

இரத்த அழுத்தம் பார்க்கக் கருவி வாங்கினால் மேற்கையில் கட்டும் வகை வாங்குங்கள், மணிக்கட்டு வகை வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் எடுக்க வேண்டும். மருத்துவ முகாம்களில் வெயிலில் நடந்து வந்து வரிசையில் நின்றவருக்கு உடனே எடுத்து, அதிகம் என்று மிரட்டி, ஐந்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்புவது நன்மையைவிடக் குழப்பத்தையே கூட்டுகிறது. எழுந்தவுடன் தலை சுற்றுகிறது என்பவருக்கு உட்கார்ந்து ஒரு முறையும், எழுந்து நின்று ஒன்று, மூன்றாம் நிமிடங்களில் ஒவ்வொரு முறையும் எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் அந்தத் தாளையே காட்டலாம். விழுவதற்குப் பெரிய காரணம் பல சமயம் இதுதான், வழுக்கும் தரை இல்லை.

தரையும் காரணம்தான். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு, கால் தடுக்கும் சாக்கு மிதியடியை எடுத்துவிடுவது, குளிக்கும் இடத்தில் கைப்பிடி. கைப்பிடி துருப்பிடிக்காத எஃகில், விரல்கள் சுற்றிப் பிடிக்கும்படி ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலக் குழாயாக இருக்கட்டும். படுக்கைவாட்டில் வைப்பதானால் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம். டைல்ஸில் மட்டும் துளை போட்டு பிளாஸ்டிக் பிளக்கில் திருகினால் ஒரு நாள் ஆளோடு சேர்ந்து பெயர்ந்து வரும். செங்கல் வரை துளைத்து ஆங்கர் போல்ட் போட வேண்டும், பொருத்தியதும் உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். துளை போடாமல் சுவரில் ஒட்டவைக்கும் ரப்பர் உறிஞ்சி வகைக் கைப்பிடியை வாங்கவே வாங்காதீர்கள்.

கைத்தடி கொடுப்பது எளிது, சரியாகக் கொடுப்பவர்கள் குறைவு. செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே பிடி இருக்க வேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலி என்றால் இடது கை. அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் தடியே வழுக்கும். சந்திக்கப் போகும்போதெல்லாம் அந்த ரப்பரைத் திருப்பிப் பாருங்கள், மாற்ற சில பத்து ரூபாய்தான்.

உபகரண வங்கி

சங்கங்கள் விரும்பும் வேலை, நன்றாகவும் நடக்கும், பராமரிப்பை யோசித்தால். தொடக்கத்துக்கு மூன்று வாக்கர், இரண்டு சக்கர நாற்காலி, இரண்டு கமோடு நாற்காலி, படுக்கைப்புண் வராமல் தடுக்கும் காற்றுப் படுக்கை இரண்டு போதும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் இரண்டு மாதத்துக்குத்தான் பெரும்பாலும் தேவை, அதனால் இரவல் முறை பொருந்தும். சிறு வைப்புத்தொகை வாங்குங்கள், முடியாதவர்களிடம் வேண்டாம். எண் எழுதிய தகடு, இரவல் புத்தகம், திரும்ப வரவேண்டிய தேதி. இரவல் வாங்கிய வீட்டில் இறப்பு நேர்ந்தால் பொருளைக் கேட்டு உடனே போன் செய்யாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும். அது வரும்வரை அடுத்தவருக்குக் கொடுக்க இன்னொன்று கையிருப்பில் இருக்கத்தான் இரண்டிரண்டு.

காற்றுப் படுக்கையில்தான் தவறு அதிகம். அது ஏற்கெனவே இருக்கும் மெத்தையின் மேல் விரிப்பது, தரையில் தனியாக விரிப்பதல்ல. மேலே ஒரு மெல்லிய விரிப்பு மட்டும். பாசத்தில் நான்கு மடிப்புப் போர்வையும் ரப்பர் ஷீட்டும் போட்டால் படுக்கை போட்டதே வீண். பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைத்துவிடுவார்கள், அது இழுப்பது மிகச் சொற்பம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இடுப்புக்குக் கீழே படுக்கைக்கடியில் கையை விட்டுப் பாருங்கள். உடம்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. காற்றுப் படுக்கை இருந்தாலும் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பது நிற்கக் கூடாது.

மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, பற்செட் முதலியவற்றை இலவசமாகத் தரும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டம் 2017 முதல் இருக்கிறது, செயற்கை உறுப்புகள் தயாரிக்கும் மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் முகாம் போட்டுத் தருகிறது. உங்கள் மாவட்டத்தில் முகாம் நடக்கும்போது ஆட்களைக் கூட்டிப் போய்வருவதே பெரிய சேவை. அதே பொருளைச் சங்கப் பணத்தில் வாங்க வேண்டியதில்லை.

காகித வேலை

இதைச் செய்ய ஆளில்லாமல் வருகிற பணத்தை இழப்பவர்கள் நிறைய. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாக. முடிவு செய்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். தள்ளுபடியாவது பெரும்பாலும் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பெயரோ பிறந்த ஆண்டோ வேறுபடுவதால். அதைச் சரிசெய்த பிறகே விண்ணப்பியுங்கள். வந்துகொண்டிருந்த தொகை திடீரென்று நின்றால் வங்கிக் கணக்கு செயலற்றுப் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். வங்கி வாசலில் நிற்க வேண்டியதில்லை. தபால்காரர் வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு டிஜிட்டல் சான்று எடுத்துத் தருவார். ஓய்வூதிய ஆணை எண், ஆதார், கணக்கு எண், கைபேசி வேண்டும். உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. கையைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு விரலாகப் பாருங்கள், முடியாவிட்டால் முகப்பதிவு முறை இருக்கிறது. தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு நேர்காணல் மாதம் வேறு. கருவூலத்தில் கேட்டு ஒவ்வொருவர் தாளிலும் எழுதிவையுங்கள்.

70 வயதைக் கடந்தவர்களுக்கு வங்கிகள் அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே வந்து தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் சொல்லிவிட்டது. கிளையில் எழுத்து மூலமாகக் கேட்டால் நடக்கும், வாய்மொழியாகக் கேட்டால் நடக்காது. ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12-ல் தொடங்கியது. அதில் வராதவர்கள், தம் சார்பில் வேறொருவர் வாங்கிவர அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். அந்த வேறொருவர் உறவினரோ பக்கத்து வீட்டாரோ ஆக இருக்கட்டும், சங்க உறுப்பினர் வேண்டாம்.

காரணம், பணமும் சொத்தும் தொட்ட இடத்தில்தான் சங்கத்தின் பெயர் கெடும். ஏ.டி.எம். ரகசிய எண்ணைக் கேட்கவோ தெரிந்துகொள்ளவோ கூடாது. நகையை 'பத்திரமா வச்சிருப்பா' என்று கொடுத்தால் வாங்கக் கூடாது. உயிலுக்கோ செட்டில்மென்ட் பத்திரத்துக்கோ சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. கடன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. பொருள் வாங்கிக் கொடுத்தால் பில்லும் மீதியும் அன்றைக்கே. இந்த விதிகளை அச்சடித்து ஒவ்வொரு தொண்டரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

பிள்ளைகள் கவனிக்கவில்லை என்ற புகார் வந்தால் சங்கத் தலைவர் பஞ்சாயத்துப் பண்ணப் போகக் கூடாது. 2007 சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். பார்த்துக்கொள்வான் என்று எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற அதே சட்டத்தின் 23-ம் பிரிவு இருக்கிறது. பத்திரத்திலேயே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் வழக்கு வலுவாக நிற்கும். இனிமேல் எழுதப்போகிறவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லிவையுங்கள். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, சட்ட உதவிக்கு 15100. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்டலாம்.

கண் முகாமில் விட்டுப்போவது

அரிமாக்களுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1925-ல் பார்வையற்ற எழுத்தாளர் ஹெலன் கெல்லர் அரிமாக்களின் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்கு உதவும்படி கேட்டுக்கொண்டதிலிருந்து வருவது. உங்கள் சங்கமும் முகாம் நடத்தியிருக்கும். பரிசோதனைக்கு வருகிறவர்களில் கண்புரை அறுவைக்குத் தேர்வாகியும் மருத்துவமனைப் பேருந்தில் ஏறாதவர்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் தனியாக இருப்பவர்கள். கூடவர ஆளில்லை, திரும்பி வந்தபின் ஒரு மாதத்துக்கும் மேல் நாள்தோறும் பலமுறை சொட்டுமருந்து விட ஆளில்லை, மாட்டைப் பார்க்க ஆளில்லை. லென்ஸை மருத்துவமனை தரும். ஆளைத் தர வேண்டியது சங்கம். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் 24 பேருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். அன்றைக்குச் சர்க்கரை ஏறியிருந்து திருப்பி அனுப்பப்பட்டால் அவர் மறுபடி வர மாட்டார்.

கணக்கு

கைப்பிடி ஒன்று கூலியோடு 1,000 ரூபாய் என்று வைத்தால், 24 வீட்டுக்கு இரண்டிரண்டு 48,000. மேலே சொன்ன உபகரணங்கள் ஏறத்தாழ 31,500. ஆட்டோவுக்கும் மருத்துவமனைப் பயணத்துக்கும் மாதம் 2,000 வீதம் 24,000. சிம், நோட்டு 3,000. அவசரக் கையிருப்பு 13,500. மொத்தம் 1,20,000. நாற்பது உறுப்பினர் மாதம் 250 ரூபாய் போட்டால் சரியாகிவிடுகிறது. உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் கைப்பிடிச் செலவு பெரும்பாலும் இருக்காது.

சாப்பாடு கொடுக்கலாமே என்று கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் எழுவார். பத்துப் பேருக்கு ஒரு வேளை 60 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,16,000 தாண்டும், ஒரு நாளும் நிறுத்த முடியாது. பலருக்குத் தேவை பணமல்ல, கொண்டுவந்து தர ஆள். ஊரிலுள்ள மெஸ்ஸில் பேசி, முதியவரே பணம் கட்ட, உப்பும் காரமும் குறைத்து மதியம் வீட்டில் கொடுக்க ஏற்பாடு செய்தால் போதும். இல்லாதவர்களுக்கு மட்டும் சங்கம் கட்டட்டும்.

மலப்புரம், கோழிக்கோடு பகுதிகளில் ஊர்க்காரர்களே நடத்தும் நோய்த்தணிப்புக் குழுக்கள் சின்னச் சின்ன மாத நன்கொடைகளிலும் பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தார் உழைப்பிலும்தான் இவ்வளவு காலம் நிற்கின்றன. ஒரு பெரிய நன்கொடையாளரை நம்புவதைவிட 40 பேரின் 250 ரூபாய் பத்திரம்.

மே மாத ஒப்படைப்புக்குக் கையில் இருக்க வேண்டியவை: 24 தாள், மிஸ்டு கால் நோட்டு, இரவல் புத்தகம், பில் கோப்பு, வங்கிப் பாஸ்புத்தகம், சிம் யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம். சிம் பழைய செயலரின் சொந்தப் பெயரில் இருந்தால் அவர் ஊர் மாறிய அன்று எண்ணே போய்விடும், ஆகவே தொடக்கத்திலேயே அதைச் சங்கத்தின் பெயரில் வாங்கிவிடுங்கள். புதிய தலைவர் ஜூன் மாதத்துக்குள் 24 வீட்டுக்கும் பழைய குழுவோடு ஒரு முறை போய்வரட்டும். பதவியேற்பு விழா அழைப்பிதழை நேரில் கொடுக்கவும் அது ஒரு சாக்கு.